குண்டாற்றங்கரைத் தொன்மைகள்

ஆற்றின் வழியே கலமூர்ந்து சென்று, இரு மருங்கிலும் முன்னோர் விட்டுச்சென்ற கோயில்களையும் நகரங்களையும் கண்டு வருதல் யாத்திரை வகைகளுள் இனியதொன்று. எகிப்து நாட்டிலே லக்ஸர் நகரத்திற்கும் அஸ்வான் நகரத்திற்கும் இடையே நைல் நதியிற் செல்லும் உல்லாசக் கப்பல்கள் உலகப் புகழ் வாய்ந்தவை. 1869-ஆம் ஆண்டில் தாமஸ் குக் என்னும் ஆங்கிலேயர் தம் நாட்டவர் சிலரை நீராவிக் கப்பல்களில் அந்நதிக்கு அழைத்துச் சென்றார். அவ்வழக்கம் நாளடைவிற் பெருகி, இன்று பல்லாயிரவர் கப்பலிலே தங்கி, துறைதோறும் இறங்கி, கர்நாக், எட்பு, கோம் ஓம்போ முதலிய இடங்களிலுள்ள கோயில்களைக் கண்டு வருகின்றனர். நம் பாரத நாட்டிலும் 2023-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 13-ஆம் நாள் காசியினின்று 'கங்கா விலாஸ்' என்னும் கப்பல் புறப்பட்டது. வங்காள தேசத்தின் வழியாக அசாமிலுள்ள திப்ருகர் வரை ஏறத்தாழ 3,200 கி.மீ. தொலைவை 51 நாள்களிற் கடக்குமாறு அதன் பயணம் வகுக்கப்பட்டது.

இத்தகைய செய்திகளைப் படிக்குந்தோறும் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மாணாக்கராகிய எம்மிடையே ஒரு வினா எழுவதுண்டு. எம் நாட்டிலும் ஆறு உண்டு. அதன் கரையிலே பழங்கோயில்களும் கல்வெட்டுகளும் உண்டு. ஆனால் அவ்வாற்றில் ஓடம் ஓடாது. ஆண்டின் பெரும்பகுதியில் அதன்கண் மணலும் நாணலும் சீமைக்கருவேலுமே காணப்படும். ஆகவே ஆற்றுவழி யாத்திரை என்பது நீர்வளம் படைத்த நாட்டார்க்கே உரியதோ? அன்று என்பதே எம் விடை. நீருள்ள ஆற்றிற் கலம் செல்லும். நீரற்ற ஆற்றிற் கால் செல்லும். குண்டாற்றின் கரையைப் பற்றி நடந்து செல்வார்க்குக் கப்பலிற் செல்வார் காணாத சில உண்மைகளும் புலப்படும். அவற்றை முறையே எடுத்துக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆற்றின் இயல்பு

குண்டாறு மதுரை மாவட்டத்தின் மேல்பாலுள்ள சாப்டூர் மலைப்பகுதியில் தோன்றுகின்றது. திருமங்கலத்தைக் கடந்து, காரியாபட்டி, திருச்சுழி, கமுதி ஆகிய ஊர்ப்புறங்களின் வழியே தென்கிழக்காகச் சென்று, மூக்கையூர்க்கு அருகில் மன்னார் வளைகுடாவிற் கலக்கின்றது. தெற்காறு, கானல் ஓடை, பரளையாறு என்பன அதனோடு தொடர்புடைய நீரோட்டங்கள். கானல் ஓடை என்னும் பெயரே அந்நிலத்தின் தன்மையை ஒருவாறு உணர்த்தும்.

இப்பகுதியில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 800 மில்லி மீட்டர் ஆகும். அதனுட் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வடகிழக்குப் பருவக்காற்றால் வருவது. ஆதலின் குண்டாறு சில நாள் பெருகியும், பல நாள் வற்றியும் கிடப்பது. இதனைக் கண்டு, 'இஃது ஓர் ஆறோ?' என்று இகழ்வாரும் உளர். அவர் கண்மாய்களை நோக்காதவர் என்க. ஆற்றிலே அணைகோலி, கால்வாய் வெட்டி, வெள்ளத்தைக் கண்மாய்க்குத் திருப்பினர் நம் முன்னோர். ஒரு கண்மாய் நிரம்பியபின் அதன் கலுங்கின் வழியே மறுகால் பாய்ந்து, அடுத்த கண்மாயை நிரப்பும். அது நிரம்பியபின் அதற்கும் கீழுள்ளது நிரம்பும். இங்ஙனம் ஓர் ஆற்றின் நீர் நூற்றுக்கணக்கான கண்மாய்களிற் பரந்து நிற்கும். கடலைச் சேரும் நீரினும் கண்மாயைச் சேரும் நீரே மிகுதி. எனவே குண்டாறு என்பது மணற்பரப்பு மட்டும் அன்று. மடையும் கலுங்கும் வரத்துக்காலும் ஊருணியும் சேர்ந்ததே அவ்வாறு.

வேறொரு சிறப்பும் ஈண்டுக் கருதத்தக்கது. மேலே வறண்டு தோன்றும் மணலின் கீழே நீர் தங்கி நிற்கும். கோடையில் ஆற்று மணலைத் தோண்டி ஊற்றெடுத்து, அந்நீரைக் குடத்திற் கொண்டு செல்லுதல் இந்நாட்டுப் பெண்டிரின் நெடுங்கால வழக்கம். கிணற்று நீர் உவர்க்கும் ஊர்களில் ஆற்றூற்றே உயிர் காப்பது. திருவள்ளுவர் கல்விக்கு உவமை கூறப் புகுந்தவர் மணற்கேணியைக் கூறியதன் அருமையை வற்றாத ஆற்றங்கரையில் வாழ்வாரினும் எம்போன்றவரே நன்குணர்வர் என்று கூறின் அது மிகையாகாது.

இலக்கியத்தில் ஆற்றுத்துறை

பாண்டி நாட்டு ஆறுகள் என்றும் இங்ஙனமே இருந்தனவோ என்று ஒருவர் வினவலாம். குண்டாற்றின் வடபால் ஓடும் வையையைப் பற்றிப் பழைய இலக்கியங்கள் விரிவாகப் பேசுகின்றன. இன்று முழுமையாகக் கிடைக்கும் பரிபாடல்கள் இருபத்திரண்டனுள் எட்டுப் பாடல்கள் வையைக்கே உரியவை. அவற்றில் வெள்ளத்தின் வருகையும் மக்களின் புனலாட்டும் பேசப்படுகின்றன. சிலப்பதிகாரத்தில், கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரையை அணுகும் இடத்தில், குதிரை, யானை, சிங்கம் ஆகியவற்றின் முகம் அமைந்த ஓடங்கள் வையைத் துறையில் நின்றமை கூறப்படுகின்றது. ஆயினும் அவர்கள் அப்பெருந்துறையை விடுத்து, மரப்புணையாற் கடந்து தென்கரையை அடைந்தனர். பாண்டி நாட்டில் ஆற்றோடம் என்பது அயலார் பொருள் அன்று என்பதற்கு இஃது ஒன்றே சான்றாகும்.

இலக்கியம் கூறியதை மண்ணும் பிற்காலத்தே வெளிப்படுத்தியது. இந்தியத் தொல்லியல் துறையார் 2013-14-ஆம் ஆண்டுகளில் வையையின் இரு கரையிலும் ஆய்ந்து, தொன்மைச் சான்றுகளையுடைய 293 இடங்களைக் குறித்தனர். அவற்றுள் ஒன்றாகிய கீழடியில் 2014-15 முதல் அகழாய்வு நடைபெற்று வருகின்றது. ஆங்குக் கிடைத்த பொருள்களுள் ஒன்றன் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு எனத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையார் 2019-இல் வெளியிட்டனர். 2023-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவ்வூரில் அருங்காட்சியகமும் திறக்கப்பெற்றது. வையைக் கழிமுகத்தை அடுத்த அழகன்குளத்தில் உரோம நாட்டு மட்கலங்களும், கப்பலின் உருவம் கீறப்பெற்ற பானையோடும் கிடைத்துள்ளன. எம் விருதுநகர் மாவட்டத்திலேயே வைப்பாற்றின் வடகரையிலுள்ள வெம்பக்கோட்டையில் 2022-இல் அகழாய்வு தொடங்கியது. முதற்பருவத்திலேயே மூவாயிரத்துக்கு மேற்பட்ட தொல்பொருள்கள் வெளிப்பட்டன. நுண்கற்கருவிகளும் சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் அவற்றுட் சில.

வடக்கே வையை, தெற்கே வைப்பாறு. இரண்டிற்கும் இடைப்பட்டது குண்டாறு. இரு புறத்தும் தொன்னகரங்கள் இருப்ப, நடுவிலுள்ள ஆற்றங்கரை மட்டும் வெறுமையாய்க் கிடந்தது என்று கருத இயலுமோ? இவ்வெண்ணத்தோடு அதன் கரையை மேலிருந்து கீழாக நோக்குவாம்.

திருமங்கலம் முதல் திருச்சுழி வரை

குண்டாறு முதலிற் காணும் பெரிய ஊர் திருமங்கலம். மிஷன் கல்லூரி மாணாக்கர்க்கு இவ்வூர் வேறொரு வகையிலும் நினைவுக்கு உரியது. அமெரிக்க மதுரை மிஷனார் 1842-இல் உயர்தரக் கல்விச்சாலை ஒன்றை முதன்முதல் இங்கேதான் தொடங்கினர்; 1845-இல் அது பசுமலைக்கு மாற்றப்பட்டது. இவ்வட்டாரத்துத் தே. கல்லுப்பட்டியில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையார் 1970-களில் அகழாய்வு நடத்தியபொழுது, கருப்பு-சிவப்புப் பானையோடுகள் வழங்கிய பெருங்கற்காலப் பண்பாட்டின் சுவடுகள் கிடைத்தன.

இக்கருப்பு-சிவப்புப் பானையைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம். ஆற்றங்கரையில் நடப்பார் கண்ணில் அடிக்கடி படுவது அதுவே. களிமண்ணில் இரும்புச் சத்து உண்டு. சூளையிற் காற்றுப் படும் பகுதி சிவக்கும். காற்றுப் படாது புகை சூழும் பகுதி கருக்கும். பானையைக் கவிழ்த்து அடுக்கிச் சுட்டமையால் அதன் உட்புறமும் வாய்ப்புறமும் கருமையாகவும், வெளிப்புறம் செம்மையாகவும் அமைந்தன என்பர் அறிஞர். ஓர் ஓட்டுத்துண்டு, பண்டைக் குயவன் தீயை ஆண்ட திறத்தை இன்றும் காட்டி நிற்பது வியப்பன்றோ?

திருமங்கலத்தை விட்டுத் தென்கிழக்கே செல்லச் செல்லச் செம்மண் குறைந்து கரிசல் மிகும். காரியாபட்டிப் புறத்தைக் கடந்தபின் திருச்சுழி தோன்றும். இவ்வூர் அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே ஏறத்தாழப் பதினைந்து கி.மீ. தொலைவிலுள்ளது. மானாமதுரை, விருதுநகர் இருப்புப்பாதையில் இதற்கு நிலையமும் உண்டு.

திருச்சுழியல்

திருச்சுழி என்பது திருச்சுழியல் என்பதன் மரூஉ. சுந்தரமூர்த்தி நாயனாரின் பதிகம் பெற்றமையால், பாண்டி நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் பதினான்கனுள் இஃது ஒன்றாக எண்ணப்படுகின்றது. இறைவனுக்குத் திருமேனிநாதர், பூமிநாதர் என்றும், இறைவிக்குத் துணைமாலையம்மை என்றும் பெயர்கள் வழங்குகின்றன. கோயிலை அடுத்து ஓடும் குண்டாற்றைக் கௌண்டின்ய நதி என்று தலபுராண மரபு கூறும்.

ஊரின் பெயர்க்காரணம் கருதத்தக்கது. ஒரு காலத்தில் பெருவெள்ளம் எழுந்து நிலத்தை மூட வந்ததாம். அரசன் வேண்ட, சிவபெருமான் தம் சூலத்தால் நிலத்திலே துளையிட்டனராம். வெள்ளம் முழுவதும் சுழித்து அத்துளையில் இறங்கிவிட்டதாம். வெள்ளம் சுழித்த இடம் ஆதலின் சுழியல் ஆயிற்று என்பர். இதனை வரலாறாகக் கொள்ளவேண்டுவதில்லை. ஆயினும் மழைக்கு ஏங்கும் இக்கரிசல் நாட்டின் நடுவே, வெள்ளத்தை விலக்கிய கதை ஒன்று நிலைத்திருப்பது ஏன் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். பல நாள் வறண்டு கிடக்கும் ஆறு திடீரெனப் பெருகுங்கால் விளையும் அச்சம் பெரிது. கண்மாய்க் கரை உடைந்து ஊர் அழிதலை எம் முதியோர் இன்றும் அஞ்சிப் பேசுவர். நீரின்மையும் நீர்ப்பெருக்கும் ஆகிய இருவகைத் துன்பத்திற்கும் இடையே வாழ்ந்த மக்களின் நினைவே அக்கதையில் உறைந்துள்ளது எனக் கோடல் பொருந்தும். எமது சமயம் வேறாயினும், இந்நிலத்து மக்களின் பொது நினைவாகிய இதனை எம்முடையதாகவே கருதுகின்றோம்.

பிற்காலத்தே ரமண மகரிஷி என்று போற்றப்பட்ட வேங்கடராமன் என்பார் 1879-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் பிறந்ததும் இவ்வூரிலேதான். அவர் மதுரையிற் கல்வி பயின்ற இடங்களுள் அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியும் ஒன்று. இதுபற்றிப் பிற நாட்டாரும் திருச்சுழியை நாடி வருகின்றனர். அவர்களுட் பலர் கோயிலையும் அவர் பிறந்த இல்லத்தையும் கண்டு மீள்வர். ஆற்றைக் கடந்து பள்ளிமடத்திற்குச் செல்வார் சிலரே.

பள்ளிமடம்

திருச்சுழிக்கு அணித்தே குண்டாற்றங்கரையில் அமைந்தது பள்ளிமடம். இங்குள்ள காளைநாதர் கோயில் பாண்டிய வரலாற்றை ஆராய்வார்க்கு ஒரு கருவூலம் ஆகும். கல்வெட்டுகளில் இக்கோயில் சுந்தரபாண்டிய ஈச்சரம் என்று குறிக்கப்படுகின்றது. இஃது ஒரு பள்ளிப்படை. பள்ளிப்படையாவது, இறந்த அரசர் முதலியோரை அடக்கம் செய்த இடத்தில் எழுப்பப்பெறும் கோயில். சோழர்க்கு மேற்பாடியில் அரிஞ்சிகை ஈச்சரமும், தொண்டைமானாற்றூரில் ஆதித்தேச்சரமும் இருப்பது போலப் பாண்டியர்க்கு இவ்வாற்றங்கரையில் இக்கோயில் உளது. சோழர் பள்ளிப்படைகளை அறிந்த நம்மவர், பாண்டியர் பள்ளிப்படை நம் ஊர்ப்புறத்தே இருப்பதை அறியாதிருத்தல் தகுமோ?

கி.பி. பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட 'சோழன் தலைகொண்ட' வீரபாண்டியன் காலத்துக் கல்வெட்டுகள் இங்கே உள்ளன. திருச்சுழியல் அமைந்த நாடு பருத்திக்குடி நாடு என்று வழங்கியமை கல்வெட்டுகளால் அறியப்படுகின்றது. கோயில் விளக்குகளுக்கு ஆடுகள் அளித்த செய்திகளும் உள. விளக்கிற்கும் ஆட்டிற்கும் யாது தொடர்பு என ஐயுறுவார்க்குக் கூறுவாம். நுந்தா விளக்கு ஒன்று இரவும் பகலும் எரிதற்கு நெய் வேண்டும். அந்நெய்க்காகக் குறித்த தொகை ஆடுகளை ஒருவர் கோயிலுக்கு அளிப்பர். இடையர் அவற்றைப் பெற்றுப் பேணி, நாள்தோறும் அளந்த நெய்யைக் கோயிலுக்குச் செலுத்துவர். இறந்தவற்றின் இடத்தைக் குட்டிகள் நிரப்புமாதலின், தொகை என்றும் குறையாது. இதுபற்றியே இத்தகைய ஆடுகளைச் சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டுகள் வழங்கின. முதல் அழியாது வட்டி மட்டும் செலவாகும் இக்காலத்து அறக்கட்டளை போன்றது இது.

காவிரிக் கரைக் கோயில்களுக்கு நன்செய் நிலங்கள் மிகுதியாக அளிக்கப்பட்டன. நெல் விளைவு அருகிய புன்செய் நாட்டில் ஆடே செல்வம். அச்செல்வமே விளக்காக மாறியது. ஒரு நாட்டின் கல்வெட்டு அந்நாட்டின் மண்ணை மறைக்காது என்பதற்குப் பள்ளிமடம் சிறந்த எடுத்துக்காட்டு. இதனை நூலகத்தில் இருந்து படித்தறிவதினும், ஆட்டு மந்தைகள் மேயும் அவ்வாற்றங்கரையில் நின்று உணர்வது எளிது.

ஆற்றை விட்டு மேற்கே

திருச்சுழியிலிருந்து மேற்கே திரும்பின் அருப்புக்கோட்டை வட்டாரம் தொடங்கும். நெசவிற்கும் மல்லிகைக்கும் பெயர்பெற்ற அருப்புக்கோட்டை, பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் செங்காட்டிருக்கை இடத்துவளி எனக் குறிக்கப்படுகின்றது. குண்டாறு இந்நகரின் வழியே செல்லவில்லை. ஆற்றினின்று விலகிய இப்புறத்து ஊர்கள் மழையையும் கண்மாயையும் கிணற்றையும் நம்பியே வாழ்ந்தன. இதனை மெய்ப்பிக்கும் கல்வெட்டு ஒன்று கோவிலாங்குளத்தில் உள்ளது.

அவ்வூரில் சமணர் திருமேனிகள் இருக்கின்றன. முதற் குலோத்துங்க சோழனது 48-ஆம் ஆட்சியாண்டை, அஃதாவது கி.பி. 1118-ஐ ஒட்டிய கல்வெட்டு, முக்குடையார்க்குக் கோயில் எடுத்த செய்தியைக் கூறுகின்றது. முக்குடையார் என்பது மூன்று குடைகளின் கீழ் வீற்றிருக்கும் அருகக் கடவுளின் பெயர். அக்கோயிலோடு கிணறும் தண்ணீர்ப்பந்தலும் அமைத்தமை அக்கல்வெட்டால் அறியக்கிடக்கின்றது. வழிபடும் இடத்தையும் வழிப்போக்கர் நீர் அருந்தும் இடத்தையும் ஒரே அறமாக எண்ணிய பெருமக்கள் அவர்கள். ஒன்பது நூற்றாண்டு கடந்தும், சித்திரை வெயிலில் இவ்வழிச் செல்வார்க்கு அவ்வறத்தின் பொருள் தானே விளங்கும். இப்புறத்து ஊர்களிற் கோடையில் தண்ணீர்ப்பந்தல் வைக்கும் வழக்கம் இன்றும் அற்றுப்போகவில்லை.

தமிழ் பயில்வார் காணவேண்டிய ஊர் இன்னும் ஒன்று உண்டு. அது பாலவநத்தம். மதுரையில் 1901-ஆம் ஆண்டு நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் இவ்வூர்ச் சமீன்தார் ஆவர். நூல்கள் வெளிவரவும் புலவர்கள் கூடவும் துணைநின்ற அச்சங்கத்தின் வரலாற்றில் இவ்வறண்ட நாட்டு ஊர் ஒன்றன் பெயர் கலந்திருப்பது எமக்குப் பெருமை தருவதாகும்.

கமுதி முதல் கடல் வரை

மீண்டும் ஆற்றைப் பற்றிச் சென்றால் கமுதி வரும். குண்டாற்றங்கரையில் இங்கே கற்கோட்டை ஒன்று வட்டவடிவில் நிற்கின்றது. சேதுபதி மன்னர் காலத்தில், 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்தது அது. அதற்கும் அப்பால் ஆறு மூக்கையூரை நோக்கிச் செல்லும். மூக்கையூர் பரதவர் வாழும் கடற்கரை ஊர். மலையடியில் முதுமக்களின் பானையோடு, இடையிலே பாண்டியர் பள்ளிப்படை, கீழே சேதுபதி கோட்டை, கடைசியிற் கடற்றுறை. இங்ஙனம் இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றை ஒரு சிற்றாறு தன் கரையிலே வரிசைப்படுத்தி வைத்திருக்கின்றது.

நீரும் தொன்மையும்

இனி இக்கட்டுரையின் முதன்மையான பொருளுக்கு வருவாம். 'ஆற்றிலே நீர் வந்தாற் படகு விடலாம். படகு வந்தால் யாத்திரிகர் வருவர். ஊர் செழிக்கும்' என்று கூறுவார் உளர். அவ்விருப்பம் நல்லதே. காவிரி, வைகை, குண்டாறு ஆகியவற்றை இணைக்கும் கால்வாய்த் திட்டத்திற்கு 2021-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்கள் 21-ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பெற்றது. கரூர் மாவட்டத்து மாயனூர்க் கதவணையினின்று குண்டாறு வரை 262 கி.மீ. நீளமுடையது அது. வைகைக்கும் குண்டாற்றிற்கும் இடைப்பட்ட இறுதிப் பகுதி மட்டும் ஏறத்தாழ 34 கி.மீ. ஆகும். தாகத்தால் வருந்தும் எம் நாட்டார் அந்நீரை எதிர்நோக்குவதில் வியப்பில்லை, யாமும் எதிர்நோக்குகின்றோம்.

ஆயினும் நீர் வருமிடத்துத் தொன்மைக்கு நேர்வது யாது என்பதைப் பிற நாடுகளின் வரலாற்றால் அறிதல் வேண்டும். கிருஷ்ணா நதிக்கரையில் இக்ஷுவாகு மன்னரின் தலைநகராய் விளங்கிய விசயபுரி என்னும் நாகார்ஜுனகொண்டாவை நோக்குக. நாகார்ஜுன சாகர் அணை கட்டப்படும் என்று முடிவானவுடன், 1954 முதல் 1960 வரை அங்கே விரைந்து அகழாய்வு நடத்தினர். முதன்மையான கட்டடங்கள் சிலவற்றைப் பெயர்த்து மேட்டு நிலத்தில் மீண்டும் அமைத்தனர். எஞ்சிய நகரம் நீருள் மூழ்கியது. மலையுச்சி தீவாயிற்று, அத்தீவிலுள்ள அருங்காட்சியகத்திற்கு இன்று படகிற் செல்கின்றனர். அங்கே படகு செல்வது மூழ்கிய நகரத்தின் மேலேயாம். எகிப்திலும் அஸ்வான் பேரணையின் பொருட்டு அபு சிம்பல் கோயில்களை 1964-க்கும் 1968-க்கும் இடையே அறுத்தெடுத்து உயர்ந்த இடத்தில் அமைத்தனர். பிலேத் தீவின் கோயிலையும் பின்னர் வேறு தீவிற்கு மாற்றினர். ஆகவே இன்று கப்பலிற் செல்வார் காணும் சில கோயில்கள், அவை பிறந்த இடத்தில் நிற்பன அல்ல.

இவற்றால் அறியப்படுவது யாது? நீர் வருமுன்னரே நிலத்தை அறிதல் வேண்டும் என்பதே. நாகார்ஜுனகொண்டாவையும் அபு சிம்பலையும் காத்தற்கு அரசுகளும் அறிஞரும் முன்வந்தனர். அவை பெரும் புகழ் பெற்றவை. எம் ஆற்றங்கரையிலுள்ள பெயர் அறியாத மேடு ஒன்றிற்காக எவர் முன்வருவர்? அதனை முதலில் எவரேனும் கண்டு எழுதியிருத்தல் வேண்டுமன்றோ?

கால்வாய் ஒன்றே தொன்மைக்கு இடையூறு என்று எண்ணற்க. மணல் எடுத்தலால் ஊற்றும் அழிகின்றது. மணலோடு கரையும் சரிந்து, கரையிலுள்ள பழஞ்சுவடுகளும் அழிகின்றன. செங்கற் சூளைக்கும் சாலைக்கும் மேட்டு மண் வெட்டப்படுகின்றது. பொக்கலைன் என்னும் இயந்திரம் ஒரு பகலில் அகற்றும் மண்ணைத் தொல்லியலார் ஓராண்டு முயன்றும் அகழார். அவர் அகழ்வது விரல் விரலாக. இயந்திரம் அகழ்வது வண்டி வண்டியாக. கீழடி மேடு தென்னந்தோப்பாய் இருந்தமையாற் பெரும்பாலும் பிழைத்தது. எல்லா மேடுகளுக்கும் அந்நற்பேறு வாய்க்குமோ?

மாணாக்கர் செய்யத்தக்கன

அகழாய்வு அரசினர்க்கும் அறிஞர்க்கும் உரியது. மாணாக்கர் அதனைச் செய்தல் ஆகாது. நடந்து கண்டு எழுதுதல் எவர்க்கும் இயல்வது. அதற்கு எமக்குத் தோன்றிய முறைகள் சில.

முதலாவது, ஊர்ப்பெயரையும் புலப்பெயரையும் கேட்டல். நத்தமேடு, கோட்டைமேடு, தாழிக்காடு என்றாற்போன்ற பெயர்கள் பழங்குடியிருப்பையோ இடுகாட்டையோ குறித்தல் கூடும். பட்டாவிலே எண் மட்டும் இருக்கும். பெயரோ ஆடு மேய்ப்பார் வாயில் இருக்கும். அம்முதியவர் மறைந்தாற் பெயரும் மறையும்.

இரண்டாவது, காலமறிந்து செல்லுதல். மழை பெய்து உழவு நிகழ்ந்தபின் கரிசலிற் புதைந்த ஓடுகள் மேலே தோன்றும். மாசி, பங்குனியில் ஆற்றினுள் இறங்கிக் கரையின் வெட்டுமுகத்தை நோக்கலாம். அங்கே மண்ணடுக்குகளின் நிறவேறுபாடும், தாழியின் விளிம்பும் சில இடங்களிற் புலப்படும். ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றினுள் நடத்தல் தகாது; வெள்ளம் அறிவித்து வருவதில்லை.

மூன்றாவது, கண்டதை எடாமை. பானையோடாயினும் காசாயினும் கிடந்த இடத்தில் இருந்தால்தான் அது சான்று. பெயர்த்தெடுத்தபின் அது வெறும் பொருள். நிழற்படம் எடுத்து, இடத்தையும் நாளையும் குறித்துக்கொள்ளுதல் போதும். இக்காலத்துக் கைப்பேசி இடத்தின் அளவைகளைத் தானே காட்டும். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலைக் கண்டார் மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தல் வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் விதியாகும்.

நான்காவது, கண்மாயையும் தொன்மையாகக் கருதுதல். மடைத்தூண், கலுங்குக் கல், ஊருணிப் படித்துறை ஆகியவற்றில் எழுத்து இருத்தல் உண்டு. கோயிற் கல்வெட்டைப் படிக்க அறிஞர் பலர் வந்துள்ளனர். மடைத்தூணின் முன் நின்றவர் சிலரே. சுண்ணாம்பு பூசுமுன்னும், புதிய மடை கட்டிப் பழங்கல்லை எறியுமுன்னும் அவற்றைக் காணுதல் வேண்டும்.

முடிவுரை

கப்பல் யாத்திரை கண்ணுக்கு இனியது. ஆனால் கப்பல் நிற்கும் துறையையே யாத்திரிகர் காண்பர். நடந்து செல்வார்க்குத் துறை என்று தனியே ஒன்றில்லை. கால் பட்ட இடமெல்லாம் துறையே. வெள்ளத்தை விழுங்கிய சுழியலும், ஆட்டு நெய்யால் எரிந்த பள்ளிப்படை விளக்கும், முக்குடையார் கோயிலின் தண்ணீர்ப்பந்தலும் ஆகிய மூன்றும் ஒரே செய்தியைத்தான் கூறுகின்றன: சிறிதளவு நீரையும் செல்வத்தையும் கொண்டு, நெடுங்காலம் நிலைக்கும் அறங்களை இந்நாட்டார் செய்தனர்.

எம் கல்லூரியிற் பயிலும் குண்டாற்று நாட்டு மாணாக்கர் பலராவர். அடுத்த கோடை விடுமுறையில் ஒவ்வொருவரும் தத்தம் ஊர் எல்லைக்குள் ஆற்றின் இரு கரையையும் ஒரு கண்மாயையும் நடந்து கண்டு, நான்கு பக்க அளவில் எழுதிக் கொணர்வாராயின், மலையடி முதல் கடற்கரை வரை ஆற்றின் வரலாறு தொடர்ச்சியாக எழுதப்பெறும். அக்குறிப்புகளைத் தொகுத்துத் தொல்லியல் துறையினர்க்கு அனுப்புதலும், கல்லூரி நூலகத்தில் ஒரு படி வைத்தலும் கடினமல்ல. முன்னாள் மாணவருள் ஆசிரியராகவும் கிராம நிர்வாக அலுவலராகவும் ஆங்காங்கே பணிபுரிவோர் இதற்குத் துணைநிற்றல் வேண்டும். கால்வாயில் நீர் வரும் நாளில், அந்நீர் எவ்வெவ்வூர்களின் நினைவைத் தொட்டுச் செல்கின்றது என்பதைச் சொல்ல ஒரு நூலேனும் நம்மிடம் இருத்தல் வேண்டும் என்பதே எம் விண்ணப்பம்.